ஐந்தாவது கட்டத்தில் டிக் விழாத வருஷம்

என் தம்பிக்கு வயது நாற்பத்து மூன்று. லிஃப்ட் மெக்கானிக். முப்பத்தாறு லிஃப்டுகள் அவன் பொறுப்பில் ஓடுகின்றன. நாங்கள் குடியிருப்பதோ லிஃப்டே இல்லாத பழைய கட்டடத்தின் நான்காவது மாடியில். அவன் கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு ஏறும்போதெல்லாம் கீழ் வீட்டு அம்மா கதவைத் திறந்து, "ஊரையே மேல ஏத்தி விடறீங்க, உங்களை ஏத்த ஆள் இல்லையே" என்பார். தம்பி சிரிக்க மாட்டான். "லிஃப்ட் இல்லாத வீட்டுலதாம்மா ஞாயித்துக்கிழமை நிம்மதி" என்று சொல்லிவிட்டு ஏறுவான்.

மோட்டார் அறைச் சத்தத்தில் அவனுக்கு இடது காது கொஞ்சம் மந்தம். எந்தக் கட்டடத்துக்குள் போனாலும் முதலில் மேலே பார்ப்பான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. என் வீட்டுக்காரர் போன பிறகு என்னை இங்கே கூட்டி வந்து வைத்துக்கொண்டான். ஒரு துணிக்கடைக்குக் கால்சட்டை மடித்துத் தைத்துக் கொடுப்பது என் வேலை. காலையில் ஆண்டவனைக் கும்பிட்டுவிட்டு மெஷினில் உட்கார்ந்தால் மத்தியானம் வரை எழுந்திருக்க மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மெஷினை மூடிவிட்டு மேஜையைக் காலி செய்து கொடுத்துவிடுவேன். அன்று அது தம்பியின் கதை மேஜை.

அந்த விளையாட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நாலு பேர் மேஜையைச் சுற்றி உட்கார வேண்டும். ஒருவர் கதை நடத்துவார். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு மனிதராக இருப்பார்கள். "உங்க முன்னால ஒரு பாலம் இருக்கு, பாதிப் பலகை இல்லை" என்று கதை நடத்துபவர் சொன்னால், தாண்டிக் குதிப்பதா, சுற்றிப் போவதா, பாலத்துக்காரனைத் தேடிப் பிடித்துச் சண்டை போடுவதா என்று மற்றவர்கள் சொல்ல வேண்டும். நினைத்தது நடக்குமா என்பதை இருபது முகமுள்ள பகடை சொல்லும். ஜெயித்தவர், தோற்றவர் என்று கிடையாது. கதைதான் கணக்கு.

தம்பி இதை ஒட்டுக் கேட்டுத்தான் கற்றுக்கொண்டான். ஒரு கட்டடத்தில் மூன்றாவது மாடி லிஃப்ட் கதவைப் பழுது பார்க்கப் போனவன், எதிர் வீட்டில் நாலைந்து பேர் விளையாடியதைக் கேட்டு, இருபது நிமிட வேலையை இரண்டு மணி நேரம் செய்திருக்கிறான். அதன் பிறகு விதிப் புத்தகம் வாங்கினான். பகடை வாங்கினான். ஆள்தான் கிடைக்கவில்லை.

ஆள் லிஃப்டுக்குள்ளிருந்து கிடைத்தது. இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் ஒரு பெண்மணி மாட்டிக்கொண்டு அலறிக்கொண்டிருந்தார். கயிற்றைச் சரி பார்க்காமல் கதவைத் திறக்கக் கூடாது. உதவிக்கு வந்தவன் மோட்டார் அறைக்குப் போக, தம்பி கதவுக்கு வெளியே உட்கார்ந்துகொண்டு, "அம்மா, நீங்க இப்ப ஒரு குகைக்குள்ள இருக்கீங்க. கையில ஒரு விளக்கு இருக்கு. இடது பக்கம் என்ன தெரியுதுன்னு சொல்லுங்க" என்றிருக்கிறான். முதலில் உள்ளிருந்து வசவுதான் வந்ததாம். பிறகு, "ஒரு படிக்கட்டு தெரியுது" என்று பதில் வந்ததாம். நாற்பது நிமிடம் கழித்துக் கதவு திறந்தபோது அந்தப் பெண்மணி கேட்ட முதல் கேள்வி, "படிக்கட்டுக்குக் கீழ என்ன இருந்துச்சு? அதைச் சொல்லாம போகாதீங்க." அவர் கார் ஓட்டக் கற்றுக் கொடுப்பவர். எங்களுக்கு டிரைவிங் டீச்சர்.

அவர் மருந்துக்கடைக்காரரைக் கூட்டி வந்தார். எல்லாரையும்விட மூத்தவர், ஐம்பத்திரண்டு வயது, இரண்டு முட்டியும் வலி. கதைக்குள் மட்டும் அவருக்கு எப்போதும் இருபது வயது வீரனாக இருக்க வேண்டும், மதில் ஏறிக் குதிக்க வேண்டும். மூன்றாவது ஆள் ஜெராக்ஸ் கடையில் வேலை பார்ப்பவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவர் வாயிலிருந்து நாலு வார்த்தை வந்தால் பெரிது. மௌனி என்று டிரைவிங் டீச்சர் வைத்த பெயர் நிலைத்துவிட்டது. பேச மாட்டாரே தவிர, ஒரு வாரம்கூட வராமல் இருந்ததில்லை.

இனி அட்டையைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு லிஃப்ட் மோட்டார் அறையிலும் ஓர் அட்டை தொங்கும். கயிறு, பிரேக், கதவு, அவசர மணி என்று கட்டம் கட்டமாக இருக்கும். பார்த்து முடித்த பின் டிக் போட்டுக் கையெழுத்திட வேண்டும். டிக் விழாத அட்டை எங்காவது தொங்கினால் என் தம்பிக்கு அன்று சாப்பாடு இறங்காது. வருஷப் பிறப்பன்று அதே மாதிரி ஓர் அட்டையைக் கோடு போட்டுத் தயாரித்து, கதை மேஜைக்கான அந்த வருஷ இலக்குகளை எழுதி, தன் துணி அலமாரிக் கதவின் உட்பக்கம் தொங்கவிடுவான். தினம் சட்டை எடுக்கும்போது கண்ணில் படும். வேறு யாருக்கும் காட்ட மாட்டான்.

முதல் வருஷ அட்டையில் இருபது கட்டம். பதினேழு குகைகளுக்கு வரைபடம் போட வேண்டும் என்பது ஓர் இலக்கு. போட்டான். விளையாட வந்தவர்களோ குகை இருக்கும் மலைக்கே போகவில்லை. கடைத்தெருவில் ஓர் ஏணி விற்கிறவனோடு மூன்று ஞாயிற்றுக்கிழமை பேரம் பேசினார்கள். ஏணி எதற்கு என்று தம்பி கேட்டதற்கு, "இருக்கட்டுமே, எதுக்காவது ஆகும்" என்றார் டிரைவிங் டீச்சர். இன்னொரு வருஷக் கதை மருந்துக்கடைக்காரரின் முட்டி ஆபரேஷனில் நின்றது. ஒரு வருஷம் டிரைவிங் டீச்சரின் மகளுக்குப் பேறுகாலம். ஒரு வருஷம் இவனுக்கே இடது காதில் வைத்தியம். எட்டு வருஷத்தில் ஏழு கதைகள் ஆரம்பித்தான். ஒன்றுகூட முடியவில்லை.

"முடிஞ்சா என்ன, முடியலைன்னா என்னடா? ஞாயித்துக்கிழமை சந்தோஷமாப் போகுதில்ல?" என்று ஒரு தடவை கேட்டுவிட்டேன்.

என் கையிலிருந்த கால்சட்டையைக் காட்டினான். "உனக்குப் பித்தான் வச்சா முடிஞ்சுது அக்கா. வீடு கட்டறவன் சாவியைக் கொடுத்துட்டுப் போறான். எனக்கு மாசாமாசம் அதே லிஃப்ட், அதே கயிறு, அதே எண்ணெய். ஒண்ணே ஒண்ணாவது 'முடிஞ்சுது'ன்னு சொல்லிட்டு எந்திரிக்கணும். அது ஒரு தப்பா?"

தப்பில்லை. நான்தான் அதற்குப் பிறகு கேட்பதை விட்டேன்.

போன வருஷ அட்டையில் ஐந்தே கட்டம். இருபத்திரண்டு ஞாயிறுகளாவது உட்கார வேண்டும். மற்றவர்கள் பேசும்போது குறுக்கே பேசக் கூடாது. விதிப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டு ஆட்டத்தை நிறுத்தக் கூடாது. மௌனி ஒவ்வொரு வாரமும் ஐந்து வாக்கியமாவது பேச வேண்டும். ஐந்தாவது கட்டத்தில் மூன்றே வார்த்தைகளைப் பேனாவை அழுத்தி எழுதியிருந்தான். கதை முடிய வேண்டும்.

கதையும் நல்ல கதை. ஓர் ஆறு, அதில் ஒரு மதகு, மேலே ஓர் ஊர், கீழே ஓர் ஊர். மதகுக் காவலன் மதகை மூடிவிட்டு ஓடிப்போய்ப் பத்து வருஷம் ஆகிவிட்டது. ஏன் ஓடினான் என்று கண்டுபிடிக்க மூன்று பேர் ஆற்றோரமாகவே நடக்கிறார்கள். முடிவை எனக்கு மட்டும் சொல்லியிருந்தான். அவன் காவல் இருந்தபோதே, மழை பொய்த்து வற்றிக் கிடந்த ஆற்றுக்குள்ளேயே கீழ் ஊர்க்காரர்கள் வீடு கட்டிவிட்டார்கள். மதகைத் திறந்தால் அந்த வீடுகள் போகும். திறக்காவிட்டால் வருகிற மழைக்கு மேல் ஊர் முழுகும். எதைச் செய்வது என்று தெரியாமல்தான் அந்தக் காவலன் ஓடிப்போனான். "மூணு பேரும் மதகுக்கு முன்னால நின்னு அடிச்சுக்கப் போறாங்க பாரு அக்கா" என்று கைகளைத் தேய்த்துக்கொண்டான்.

ஜூன் முடிகிற வரை ஐந்து ஞாயிறுகள்தான் நடந்தன. மேஜை விரிப்பு போட்டு, நாலு நாற்காலி இழுத்து, வரைபடம் விரித்து, பகடையை வரிசையாக வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பான். மூன்று மணிக்கு ஃபோன் சிணுங்கும். "சாரி, இன்னைக்கு ஒரு ஆளுக்கு லைசென்ஸ் டெஸ்ட்." மூன்றரைக்கு இன்னொன்று. "கடையில ஆள் லீவு, நகர முடியல." மௌனி மட்டும் வந்து உட்கார்ந்திருப்பார். இரண்டு பேரும் டீ குடிப்பார்கள். ஒருவர் பேச மாட்டார், இன்னொருவருக்குப் பேசப் பிடிக்காது. அரை மணி நேரம் கழித்து மௌனி எழுந்து தலையாட்டிவிட்டுப் போவார். தம்பி பகடைகளைப் பையில் போடும் சத்தம் எனக்குச் சமையலறையில் கேட்கும். ஒவ்வொன்றாகப் போடுவான்.

அப்படி ஒரு வாரத்தின் நடுவில் மருந்துக்கடைக்காரர் எனக்கு ரத்தக்கொதிப்பு மாத்திரை கொண்டுவந்தார். தம்பி வேலைக்குப் போயிருந்தான். நாலு மாடி ஏறி முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவரைப் பார்த்து, பேசாமல் தண்ணீர் கொடுத்து அனுப்பியிருக்கலாம். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"அண்ணே, ஞாயித்துக்கிழமை நீங்கல்லாம் வரலைன்னா அவன் முகத்தைப் பாக்க முடியல."

"என்னம்மா செய்யறது? விளையாட்டுதானே, இந்த வாரம் இல்லைன்னா அடுத்த வாரம்."

"உங்களுக்கு விளையாட்டு. இங்க வாங்க, காட்டறேன்."

அலமாரியைத் திறந்து அட்டையைக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். மறுபடி படித்தார். "அடப் பாவமே" என்றார். ஃபோனை எடுத்து ஒரு படம் பிடித்துக்கொண்டார். நானும் தடுக்கவில்லை. நல்லது செய்துவிட்டோம் என்ற நினைப்பில் அன்று சாயங்காலம் வழக்கத்தைவிட அதிக நேரம் கும்பிட்டேன்.

அடுத்த ஞாயிறு மூன்று மணிக்கு மூன்று பேரும் வாசலில் நின்றார்கள். அதற்கு அடுத்த ஞாயிறும். டிரைவிங் டீச்சர் ஐந்து நிமிடம் முன்னாலேயே வந்தார். எட்டு வருஷத்தில் நடக்காத காரியம். தம்பி படி ஏறும்போது பாட்டு முணுமுணுத்தான். கீழ் வீட்டு அம்மா, "என்ன, லிஃப்ட் போடப் போறாங்களா?" என்று கேட்கும் அளவுக்கு முகம் மலர்ந்திருந்தது. செப்டம்பருக்குள் இரண்டு கட்டத்தில் டிக் விழுந்தது.

கதை ஓடியது. ஓடியது என்றால் ஓட்டம்தான். முன்பெல்லாம் ஒரு பெட்டியைக் கண்டால் முதலில் அதைத் தூக்கிக்கொண்டு ஓடுவது கதைக்குள் திருடியாக வரும் டிரைவிங் டீச்சர்தான். இப்போது, "பெட்டி கிடக்கட்டும், நேரமாகுது, ஆத்தோரமாவே போவோம்" என்றார். மதிலைப் பார்த்தால் ஏறிக் குதிக்கிற மருந்துக்கடைக்காரர் வாசல் வழியாகவே நடந்தார். தம்பி வழியில் ஒரு பாழடைந்த சத்திரம் வைத்திருந்தான், இரண்டு வாரம் உட்கார்ந்து எழுதியது. "உள்ள ஏதோ அழற சத்தம் கேக்குது" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னான். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"அழட்டும். மதகு இன்னும் எவ்வளவு தூரம்?" என்றார் மருந்துக்கடைக்காரர்.

மௌனி பேசினார். அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. டீ கொண்டுபோனபோது மேஜைக்கு அடியில் அவர் விரல்களை மடக்குவதைக் கண்டேன். "ஒரு மரம் தெரியுது." ஒரு விரல். "நான் நடக்கறேன்." ஒரு விரல். "குளிருது. பசிக்குது." இரண்டு விரல். கடைசி விரலை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் காத்திருந்து, எல்லாரும் எழுந்திருக்கும்போது, "தூங்கறேன்" என்றார்.

அன்று தம்பி காதைக் குடைந்துகொண்டே உட்கார்ந்திருந்தான்.

"என்னடா, நல்லாத்தானே போகுது?"

"போகுது. நல்லாத்தான் போகுது. ஆனா எந்த மாடியிலயும் நிக்காம மேல போற லிஃப்ட் மாதிரி இருக்கு. சண்டையே வரல அக்கா. நான் எங்க கை காட்டறேனோ அங்க போறாங்க. என் கதை அவ்வளவு மட்டமாவா இருக்கு?"

சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் நிறுத்திவிடுவான், வருஷம் மறுபடியும் பாழ் என்று விழுங்கிவிட்டேன். "ஆண்டவனே, நல்லதை நினைச்சுத்தானே செஞ்சேன்" என்று அன்றிலிருந்து தினமும் சொல்ல ஆரம்பித்தேன். அது பிரார்த்தனை இல்லை, வக்காலத்து. எனக்கே தெரிந்தது.

நவம்பர் கடைசி ஞாயிறு, இருபத்திரண்டாவது தடவை உட்கார்ந்தார்கள். தம்பி சட்டையைத் தேய்த்துப் போட்டிருந்தான். மதகுக்கு முன்னால் மூன்று பேரையும் கொண்டுவந்து நிறுத்தினான். இரும்புச் சக்கரத்தை வர்ணித்தான். பல் தேய்ந்துபோனது, சுற்றினால் முழுக்கத் திறக்கும், இல்லை முழுக்க மூடும், ஒரு ஆள் கையால் பிடித்துக்கொண்டே நின்றால்தான் பாதியில் நிற்கும். கீழே ஆற்றுக்குள் வீடுகள். அடுப்புப் புகை. துணி காய்கிறது. மேலே அணை விளிம்பு வரை தண்ணீர். மேற்கே மேகம். சொல்லிவிட்டு இரண்டு கைகளையும் மேஜை மேல் வைத்துக்கொண்டான். எட்டு வருஷம் காத்திருந்த இடம் இது. நானும் சமையலறை வாசலில் வந்து நின்றேன்.

மூன்று பேரும் தம்பி எங்கே கை காட்டுவான் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

டிரைவிங் டீச்சர் தொண்டையைச் செருமினார். "இப்ப என்ன செய்யணும்? திறக்கணுமா, மூடணுமா?"

"அது உங்க இஷ்டம். அதுக்குத்தானே இவ்வளவு தூரம் வந்தோம்" என்றான் தம்பி.

"இல்லைங்க, எதைச் செஞ்சா கதை முடியும்னு சொல்லுங்க, அதைச் செஞ்சுடறோம்."

தம்பி சிரித்தான், வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்து. அவர் சிரிக்கவில்லை. மருந்துக்கடைக்காரர் பக்கம் திரும்பி, "அண்ணே, அதுல ஐஞ்சாவது என்ன போட்டிருந்துச்சு? முடியணும்னு மட்டும்தானே? எப்படி முடியணும்னு இல்லையே?" என்று மெதுவாகக் கேட்டார். மெதுவாகத்தான் கேட்டார். வண்டி ஓட்டக் கற்றுக் கொடுக்கிற குரல், மெதுவாகப் பேசினாலும் தெருவுக்குக் கேட்கும். தம்பியின் வலது காது நல்ல காது.

பதில் சொல்லப் படத்தைத் திறந்திருந்த மருந்துக்கடைக்காரர் அவசரமாகத் தன் ஃபோனைக் கவிழ்த்தார். கவிழ்த்ததுதான் தப்பு. தம்பி கையை நீட்டினான். கொடுத்துவிட்டார். தன் கையெழுத்து அட்டையைத் தம்பி அந்தச் சின்னத் திரையில் வெகு நேரம் பார்த்தான்.

"இது என் அலமாரிக்குள்ள இருக்கிறது."

"நான்தான்டா காட்டினேன்" என்றேன்.

கத்துவான் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் தேவலை. ஃபோனைத் திருப்பிக் கொடுத்தான். "அதான் மழை வெயில் பாக்காம வந்தீங்களா?" என்றான். "அதான் பெட்டியைத் திறக்கலையா? அந்தச் சத்திரத்துக்குள்ள அழுதது யாருன்னு தெரியுமா உங்களுக்கு? மதகுக் காவலனோட பொண்டாட்டி. அவளைக் கேட்டிருந்தா பாதிக் கதை தெரிஞ்சிருக்கும்."

"உங்க நல்லதுக்குத்தான்…" என்று மருந்துக்கடைக்காரர் ஆரம்பித்தார்.

"தெரியுதுண்ணே. அதான் வெறுப்பா இருக்கு. கெட்டது செஞ்சிருந்தா ரெண்டு வார்த்தை திட்டிட்டுப் போயிருப்பேன்."

அவர்கள் படி இறங்கிப் போனார்கள். மௌனி எல்லாருக்கும் பின்னால், தலைகூட ஆட்டாமல் போனார். தம்பி என்னிடம், "நடுவுல தொங்கற லிஃப்டோட கதவைப் பரிதாபப்பட்டு இழுத்துத் திறந்தா ஆள் செத்துடுவான் அக்கா" என்றான். அதோடு மூன்று நாள் பேச்சில்லை. சாப்பாடு போடு, போதும், தண்ணி. அவ்வளவுதான். எனக்கும் கோபம் வந்தது. ஐந்து வரி எழுதிய ஓர் அட்டைக்காகக் கூடப் பிறந்தவளிடம் முகம் திருப்பிக்கொள்வானா? பிறகு அந்தக் கோபத்துக்காகவும் ஆண்டவனிடம் மன்னிப்புக் கேட்டேன். கேட்க வேண்டியது நீண்டுகொண்டே போனது.

புதன்கிழமை சாயங்காலம் மௌனி வந்தார். ஞாயிறு தவிர அவர் வந்ததே இல்லை. தம்பி அப்போதுதான் வேலையிலிருந்து வந்து கையிலிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டிருந்தான். மௌனி உட்காரவில்லை.

"எனக்கும் ஒரு கட்டம் போட்டு வச்சிருக்கீங்க" என்றார்.

தம்பி துணியைக் கீழே வைத்தான்.

"கடையில நாள் முழுக்க, 'ஏங்க வாயைத் திறக்க மாட்டீங்களா'ங்கறாங்க. வீட்டுல அதே பாட்டு. எட்டு வருஷமா இங்க ஒருத்தர்கூட என்னை அப்படிக் கேட்டதில்லை. அதுக்காகத்தான் நாலு மாடி ஏறி வந்தேன். பாத்தா நீங்களும் எண்ணிட்டுத்தான் இருந்திருக்கீங்க. அலமாரிக்குள்ள வச்சு எண்ணியிருக்கீங்க. நேர்ல கேக்கறவங்களே தேவலை."

அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. தம்பி, என் மேல் இருந்த கோபத்தையெல்லாம் இப்போது எங்கே வைப்பது என்று தெரியாதவன் மாதிரி நின்றான்.

"உங்களைக் குறை சொல்றதுக்காக எழுதலைங்க. நான் உங்களைப் பேச விடறதில்லையோன்னு…"

"அன்னைக்கு மதகுகிட்ட எனக்குச் சொல்ல ஒண்ணு இருந்துச்சு."

"என்ன? என்ன சொல்ல இருந்தீங்க?"

"அதுக்குள்ள அஞ்சு வாக்கியம் ஆயிடுச்சு. கடுப்புல நிறுத்திட்டேன்."

"ஐயோ, இப்ப சொல்லுங்களேன்!"

"மேஜையில எல்லாரும் இருக்கும்போது சொல்றேன்" என்று சொல்லிவிட்டு மௌனி இறங்கிப் போய்விட்டார்.

தம்பி அலமாரியைத் திறந்து நாலாவது கட்டத்தில் போட்டிருந்த டிக்கின் மேல் கோடு போட்டு அடித்தான். அட்டையில் அடித்தல் திருத்தல் இருந்தால் பிடிக்காதவன். "நீ காட்டினது தப்பு. நான் எழுதினது அதைவிடத் தப்பு. போ, டீ போடு" என்றான். அவனிடமிருந்து அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது. டீ போட்டேன்.

இன்னும் ஒரே ஒரு ஞாயிறு உட்கார்ந்தால் போதும். டிசம்பரில் நாலு ஞாயிறுகள் இருந்தன. முதல் ஞாயிறு டிரைவிங் டீச்சருக்கு வெட்கம், வரவில்லை. இரண்டாவது ஞாயிறு அவர் வரத் தயார், மருந்துக்கடையில் சரக்கு எண்ணுகிறார்கள். மூன்றாவது ஞாயிறு எல்லாரும் வருவதாக இருந்தது. எட்டு மாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் கதவு பாதியில் சிக்கிக்கொண்டு தம்பியைக் கூப்பிட்டுவிட்டார்கள். ஃபோனை வைத்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டே படி இறங்கினான். நாலாவது ஞாயிறு மருந்துக்கடைக்காரர் வீட்டில் எல்லாருக்கும் காய்ச்சல். வருஷம் முடிந்தது. ஐந்தாவது கட்டம் வெள்ளையாகவே இருந்தது. தம்பி அந்த அட்டையைக் கழற்றி நாலாகக் கிழித்துக் குப்பையில் போட்டான். "ஒன்பது வருஷம்" என்றான். புது அட்டைக்குக் கோடு போடவில்லை. போடு என்று நானும் சொல்லவில்லை, போடாதே என்றும் சொல்லவில்லை.

ஜனவரி இரண்டாவது ஞாயிறு மூன்றே முக்காலுக்கு ஒரு வழியாக நாலு பேரும் உட்கார்ந்தார்கள். முதல் பத்து நிமிடம் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. தம்பி மதகை மறுபடி வர்ணித்தான், இந்தத் தடவை குரலில் சுரத்தே இல்லாமல். சக்கரம், வீடுகள், புகை, மேகம்.

"நான் சக்கரத்தைப் பிடிச்சுக்கறேன்" என்றார் மௌனி.

"பிடிச்சு? திறக்கறீங்களா, மூடறீங்களா?"

"ரெண்டும் இல்லை. பிடிச்சுட்டு நிக்கறேன். இன்னைக்கு ஒரு விரல் அளவு. நாளைக்கு மழையைப் பாத்துட்டு ரெண்டு விரல். கீழ இருக்கறவங்க வீட்டை மாத்திக் கட்டிக்கிற வரைக்கும் நான் இங்கயே இருக்கேன். நீங்க ரெண்டு பேரும் ஊருக்குப் போங்க."

"இங்கயே இருந்துட்டா? எத்தனை நாள்?" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"வருஷக்கணக்கா ஆகும்."

"அது எப்படி உங்களை விட்டுட்டுப் போறது?" டிரைவிங் டீச்சரின் குரல் பழையபடி ஏறிவிட்டது. "கை வலிச்சா யார் பிடிக்கறது? தூங்க வேண்டாமா? ஆளைப் பாரு, தியாகம் பண்ண வந்துட்டாரு!"

"நான் மாத்திப் பிடிக்கறேன். எனக்கு இருபது வயசுதானே" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"கதையிலதான் இருபது. சும்மா இருங்கண்ணே. முதல்ல கீழ் ஊர்க்காரங்களை அந்த வீடுகள்ல இருந்து கிளப்பணும். அந்தச் சத்திரத்துல அழுதாளே ஒருத்தி, அவளைக் கூட்டிட்டு வாங்க, அவளுக்கு மதகு தெரியும்!"

"சத்திரம் மூணு நாள் நடை!" என்றான் தம்பி.

"நடப்போம். இப்ப என்ன அவசரம்?"

தம்பி தன் முன்னால் இருந்த தாள்களைப் பார்த்தான். திறந்தால் என்ன நடக்கும் என்று ஒன்பது பக்கம். மூடினால் என்ன நடக்கும் என்று ஏழு பக்கம். பாதியில் பிடித்துக்கொண்டு நிற்க யாராவது தங்கிவிடுவார்கள் என்று ஒரு வரிகூட இல்லை. "அப்படின்னா கதை எப்பங்க முடியும்?" என்றான். குரலில் அழுகையும் ஆத்திரமும் கலந்திருந்தன.

"முடியாது" என்றார் மௌனி.

"அக்கா, நீயாவது சொல்லு!"

நான் என்ன சொல்வேன்? நான் வாயைத் திறந்தால்தானே இந்த வீட்டில் வம்பு வருகிறது. காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். அவர்கள் சத்தம் அங்கேயும் வந்தது. யார் முதலில் காவல், சத்திரத்துக்கு யார் போவது, கீழ் ஊர்க்காரர்களிடம் யார் பேசுவது என்று இரண்டு பேர் கத்த, நடுநடுவே மௌனியும் குறுக்கிட்டார். தம்பி மேஜையைத் தட்டினான். தாள்களை மடித்துத் தூக்கிப் போடும் சத்தம் கேட்டது.

"சரி, சரி, சரி!" என்றான். அவ்வளவு எரிச்சலான குரலை நான் அவனிடம் கேட்டதில்லை. "முதல் நாள். காலையில. மேகம் இன்னும் அப்படியே இருக்கு. எவ்வளவு திறக்கறீங்க?"

"இருங்க, யோசிக்கறேன்" என்றார் மௌனி.

மூன்று பேரும் வாயை மூடிக்கொண்டு காத்திருந்தார்கள். நான் குழாயை மூடினேன்.